மீன்வால்

சாலையோரத் தடுப்புகளின் கதை: எட்டாம் வாரம்

பிராங்க்ஸ் பகுதி டி.வி. மெக்கானிக் ஜோசப் லிங்கோவை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் படப்பெட்டியும் கையுமாக உட்காரவைத்துவிட்டு, சென்ற வாரம் ‘தொடரும்’ போட்டிருந்தேன். 1967, மே மாதம். குழுவின் தலைவர் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஜான் பிளாட்னிக். விளக்கை அணைக்கச் சொல்லியாகிவிட்டது.

திரையில் என்ன விழுந்தது என்பதைச் சொல்லுமுன் உங்களை நம்ம பைபாஸுக்கு ஒரு நடை கூட்டிப்போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். லிங்கோவின் படங்கள் புரிய அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எங்கள் கலவையைப் பலரும் மடத்தை வைத்துத்தான் அறிவார்கள். இன்னொரு கலவை விடிகாலை இருட்டில் தெரியும். ஷூ கம்பெனி வேனுக்காகச் சாப்பாட்டுப் பையோடு நிற்கிற பெண்கள், பால் கேன்கள், டீக்கடைப் பாட்டு. ஆற்காடு வந்து பைபாஸ் ஏறினால் மேல்விஷாரம், ரத்தினகிரி, வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் வாசனையோடு ஓடும் ரோடு. தங்க நாற்கரச் சாலை வருவதற்கு முன் இது வெறும் என்.எச். 46. எதிரே லாரி வந்தால் மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும். அன்றைக்கு ஓரத்தில் தடுப்பு என்று இருந்தது புளியமரம்தான். இடுப்பில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்திருப்பார்கள். அது ஒதுங்கிப் போகச் சொன்ன எச்சரிக்கை. மோதியவனை அது எப்படி நடத்தும் என்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இப்போது ரோடு அகலம். ஓரமெல்லாம் வெள்ளித் தகரம். ஒருநாள் ஆம்பூர் பக்கம் ஓடும் கம்பெனி வேன் ஒன்றில் முன் சீட்டு கிடைத்தது. டிரைவரிடம் கேட்டேன்.

“பாய், இந்தத் தகரத்துக்கு இன்னா வேல?”

“வண்டி பள்ளத்துல உழாம புடிச்சிக்கும் சார்.”

“அது ஆரம்பிக்கிற எடத்துல, நுனியில மோதுனா?”

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு மேம்பாலச் சரிவு வந்தது. தகரம் தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து அதை ஒரு பார்வை பார்த்தார்.

“நுனியிலயா? அது நம்மளயே புடிச்சிக்கும் சார்.”

இந்த வாரக் கதை முழுக்க அந்த நுனியைப் பற்றியதுதான்.

தகரத்தை நெருங்கிப் பார்த்தால் குறுக்கே இரண்டு மேடு, நடுவே ஒரு பள்ளம். படுக்கப் போட்ட ‘டபிள்யூ’ எழுத்து. அதனால் டபிள்யூ-பீம். நம் நாட்டில் 3 மில்லிமீட்டர் கனம். தரையிலிருந்து சுமார் 70 சென்டிமீட்டர் உயரம், 2 மீட்டருக்கு ஒரு கம்பம். கம்பம்தான் வண்டியைத் தாங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. கம்பம் வளைய வேண்டும், தகரத்திலிருந்து கழன்றுகொள்ளவும் வேண்டும். வண்டியைப் பிடிப்பது தகரத்தின் இழுவிசை. பக்கவாட்டில் சாய்வாக வந்து உரசும் வண்டியை அது ஒரு நாடாவைப்போல ஏந்தி, கொஞ்சம் உள்வாங்கி, மறுபடி ரோட்டின் போக்குக்கே திருப்பிவிடுகிறது.

தோல் ஷாப்பில் ஈரத்தோலை இழுத்துப் பலகையில் ஆணியடித்துக் காயவைப்பார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நடுத்தோல் விறைப்பாக நிற்பதற்குக் காரணம் ஓரத்து ஆணிகள். அவை கழன்றால் தோல் சுருண்டுவிடும். தகரமும் அப்படித்தான். நடுவில் விறைப்பு வேண்டுமென்றால் இரண்டு நுனியையும் தரையோடு கெட்டியாகப் பிணைக்க வேண்டும். தகரத்தின் நடுவில் மோதுகிறவன் பிழைக்க, நுனி அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் அசையாமல், வருகிற வண்டிக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிற இரும்புப் பட்டைக்கு வேறொரு பெயர் உண்டு. ஈட்டி.

இனி லிங்கோவின் திரைக்குப் போகலாம்.

டி.வி. பெட்டி பழுதுபார்க்க நியூயார்க்கின் நெடுஞ்சாலைகளில் நாள் முழுக்க வண்டி ஓட்டிய மனிதர் அவர். போகும் வழியில் நிறுத்தி, சொந்தக் காசில் படம் எடுத்தார். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தவை விபத்துப் படங்கள் அல்ல. புத்தம்புதுச் சாலைகள். வருகிற காருக்கு நேராக முனை நீட்டிய தகரங்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்திலேயே வந்தும் அதோடு சேராமல் இடைவெளி விட்டு நின்ற தகரங்கள். சாலை இரண்டாகப் பிரியும் முக்கில், தடுமாறும் டிரைவர் நேராகப் போய் விழும் இடமாகப் பார்த்து நட்ட பெரிய பெரிய இரும்புக் கம்பங்கள். எந்தத் தவறும் ஓரிடத்தோடு நிற்கவில்லை. பழைய சாலையில் செய்ததையே புதிய சாலையிலும் செய்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1966 செப்டம்பரில், ஜனாதிபதி ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்திலும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். அதுவரை எல்லோருக்கும் தெரிந்த குற்றவாளி டிரைவர். வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் வந்து விரலைக் கார் கம்பெனிப் பக்கம் திருப்பினார். ரோட்டுப் பக்கம் விரல் நீட்டியவர்கள் சொற்பம். அவர்களில் ஒருவர் கார் கம்பெனிக்கு உள்ளேயே இருந்தார் என்பது வேடிக்கை. ஜெனரல் மோட்டார்ஸின் மில்ஃபோர்டு சோதனைத் திடல் பொறியாளர் கென்னத் ஸ்டோனெக்ஸ். தங்கள் திடலில் தடம் விட்டு இறங்கிய கார்களை அளந்து பார்த்தார்கள். பத்தில் எட்டு, ஓரத்திலிருந்து சுமார் 30 அடிக்குள் நின்றுவிட்டன. அந்த 30 அடியில் மரமோ கம்பமோ பள்ளமோ இல்லாமல் வைத்தால் போதும், தடுப்பே வேண்டாம் என்றார். டிரைவர் தவறுவான், ரோடு அவனை மன்னிக்க வேண்டும் என்பது அந்தக் கட்சியின் வாதம். கார் கம்பெனிக்காரர் ரோட்டைக் குறை சொல்வதில் சுயநலம் இல்லையா என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். இருந்தாலும் அவருடைய அளவு பொய்யில்லை.

30 அடிக்கு எல்லா இடத்திலும் எங்கே போவது? மாதனூர்ப் பக்கம் ஒரு ஓரத்தில் ஊர், மறு ஓரத்தில் பாலாறு. இடமில்லாத இடத்தில் தகரம் வந்தே தீரும். தகரம் வந்தால் நுனியும் கூடவே வரும்.

முதல் வைத்தியம் எளிது. நுனியை முறுக்கி, சாய்த்து, மண்ணில் புதைத்துவிடு. டெக்சாஸ் தொடங்கிப் பல மாநிலங்கள் இப்படிச் செய்தன. ஈட்டி மறைந்தது. கொஞ்ச நாளில் வேறொரு சங்கதி தெரிந்தது. சாய்த்துப் புதைத்த தகரம் வண்டிக்கு ஏறுபலகையாகிவிட்டது. சக்கரம் அதன்மேல் ஏறும், கார் ஒருபக்கமாகத் தூக்கும், அந்தரத்தில் திரும்பி மல்லாந்து விழும். அல்லது தகரத்தின் முதுகிலேயே வழுக்கிக்கொண்டு போய், எந்தப் பாலத் தூணுக்காகத் தகரம் போட்டார்களோ அதே தூணில் மோதும்.

அடுத்து, உடையும் மரக்கம்பத்தையும் இரும்பு வடத்தையும் வைத்து ஒரு நுனி வந்தது. தகரத்தைச் சாலையைவிட்டு மெல்ல வளைத்து விலக்கி வைத்தால் நன்றாக வேலை செய்தது. களத்தில் அந்த வளைவைச் சரியாகப் போட யாருக்குப் பொறுமை? நேராகப் போட்ட இடங்களில், சின்னக் கார்களுக்கு அது மறுபடி ஈட்டியாகவே இருந்தது.

வைத்தியம் ஒவ்வொன்றும் புது நோயைக் கொண்டுவருவது நுனிக்கு மட்டும் வாய்த்த விதியல்ல. சாலை நடுவே தடுப்பாக எழுப்பிய, மூன்றாம் வாரத்தில் சொன்ன நியூஜெர்சி கான்கிரீட் சுவர் நினைவிருக்கிறதா? 1955இல் வெறும் 18 அங்குல உயரத்தில் தொடங்கி, விபத்துகளைப் பார்த்துப் பார்த்துத் திருத்தி, 1959இல் 32 அங்குலத்துக்கு வந்து நின்ற சுவர். அடியில் சரிவு, மேலே ஏறக்குறைய செங்குத்து. டயர் சரிவில் ஏறி, கார் சற்றே தூக்கப்பட்டு, வேகத்தை இழந்து திரும்பும். சரிவு முடிகிற இடம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. நியூஜெர்சிக்கு 13. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பங்குக்கு 15 அங்குலத்தில் ஒன்று வடிவமைத்தது. 1970களில் கார்கள் சிறுத்தன. அந்தச் சுவர் அவற்றை அளவுக்கு மீறித் தூக்கிக் கவிழ்த்தது. அப்படித் தடுமாறிய சின்னக் கார்களுக்கு உதாரணமாகச் சொல்லப்படுவது செவர்லே வேகா, ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தப் பிள்ளை. அந்தச் சுவரைக் கைவிட்டார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் ஏ முதல் எஃப் வரை ஆறு வடிவங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்து, 10 அங்குலத்தில் சரிவு முடியும் ஆறாவதே சிறந்தது என்றார்கள். அது ‘எஃப்’ வடிவம் என்றே பெயர் பெற்றது. மோதல் சோதனையிலும் ஜெயித்தது. ஆனாலும் சட்டென்று பரவவில்லை. காரணம் விஞ்ஞானம் அல்ல. காண்டிராக்டர்கள் நியூஜெர்சி அச்சுகளில் ஏற்கெனவே பணம் போட்டிருந்தார்கள்!

நம் பக்கத்தில் நடுத்தடுப்பு என்றால் பல இடங்களில் கெர்ப் கல், கொஞ்சம் மண், அதன்மேல் அரளிச்செடி. எதிர்வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்காமலிருக்க அரளி நல்லது. பேருந்தை அரளி நிறுத்தாது. 2023 நவம்பர் 11, தீபாவளிக்கு முந்தின நாள் விடிகாலை. வாணியம்பாடியை அடுத்த செட்டியப்பனூரில் அரசு விரைவுப் பேருந்து ஒன்று கட்டுப்பாடு இழந்து, நடுத்தடுப்பைத் தாண்டி, எதிரே வந்த ஆம்னி பஸ்ஸில் மோதியது. ஊருக்குப் போகிறவர்களின் பலகாரப் பைகள் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்திருக்கும் என்பதை நான் கற்பனைதான் செய்கிறேன், ஆனால் அந்தக் கற்பனை என்னை விடமாட்டேன் என்கிறது.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், செப்டம்பர் 11. ஆம்பூர் பக்கத்து ஓணாங்குட்டை கிராமத்திலிருந்து தர்மஸ்தலா போய்த் திரும்பிய சுற்றுலா வேன் நாட்றம்பள்ளி அருகே பழுதாகி நின்றது. இறங்கியவர்களில் பெண்கள் சிலர் வேனுக்கு முன்னால், மீடியன் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோத, வேன் அவர்கள்மேல் ஏறியது. ஏழு பெண்கள் போனார்கள், எல்லோரும் ஒரே ஊர். நமக்கு மீடியன் ஒரு திண்ணை. கால் வலித்தால் உட்காரலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம், துணி உலர்த்தலாம். தடுப்புக்கு எந்தப் பக்கம் நின்றால் உயிர் தங்கும் என்பதை லைசென்ஸ் எடுக்கும்போதோ பள்ளிக்கூடத்திலோ யாரும் எனக்குச் சொன்னதில்லை. வண்டி நின்றுவிட்டால், ஓரத்துத் தகரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், வண்டிக்குச் சற்றுப் பின்னால், அதாவது போக்குவரத்து வருகிற திசையில் தள்ளி நிற்க வேண்டும். மோதிய வண்டி முன்பக்கம்தான் தள்ளும். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயதாயிற்று.

நுனிக்கு வருகிறேன். நம் நாட்டுத் தகரங்களின் நுனிக்குக் காண்டிராக்டர்கள் வைத்திருக்கும் பெயர் பிஷ் டெயில். மீன்வால். மீனின் வால்போல இருபுறமும் விரிந்து வளைந்த ஒரு தகடு, நான்கைந்து போல்ட்டில் மாட்டியிருக்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். வெறும் பட்டைக்கு மழுங்கிய முகம் கொடுக்கும். ஆனால் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காரின் விசையை வாங்கிக்கொள்ள அதற்குள் ஒன்றும் கிடையாது. ஈட்டிக்குத் தலைப்பாகை கட்டியதுபோலத்தான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015இல் தடுப்புகளுக்கென்றே தனி வழிகாட்டி நூல் போட்டது. ஐ.ஆர்.சி. 119 என்பார்கள். நுனிக்குத் தனி கவனம் வேண்டும் என்பது அதில் இருக்கிறது. நூல் டெல்லியில் இருக்கிறது, மீன்வால் ரோட்டில் இருக்கிறது.

தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற இணைப்பையும் ஒருமுறை பாருங்கள். வண்டி போகிற திசையில், முதல் தகரம் இரண்டாவதன்மேல் படிந்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் உரசும் வண்டி இணைப்பின் விளிம்பில் சிக்கும். ஷூவின் அப்பர் தைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எந்தத் துண்டு மேலே, எது கீழே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தகரம் மாட்டும் வேலையை ஆம்பூர்ப் பெண்களிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை.

மீன்வாலை ஜெயிக்கும் ஒரு நுனி 1980களின் கடைசியில் டெக்சாஸில் பிறந்தது. ஏ&எம் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வகம் யோசித்த விதம் அழகானது. நுனியில் கனமான ஒரு இரும்புத் தலை. கார் தலையில் மோதும். தலை தகரத்தின்மீது வழுக்கிக்கொண்டு பின்னால் ஓடும். ஓடும்போது தலைக்குள்ளிருக்கும் குறுகிய தொண்டை, டபிள்யூ வடிவத் தகரத்தை நசுக்கித் தட்டையாக்கி, சாலைக்கு எதிர்ப்பக்கமாக நாடாபோலச் சுருட்டித் துப்பும். டேனரியில் ஊறிய தோலை இரட்டை உருளைக்குள் விட்டுத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கிற மெஷினைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதேதான். தகரத்தை நசுக்க நசுக்கக் காரின் வேகம் செலவாகும். ஈட்டியையே தின்று ஜீரணிக்கும் நுனி!

அதற்கு இ.டி. 2000 என்று பெயர். டிரினிட்டி இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. பிறகு இலகுவாக்கி இ.டி. பிளஸ் என்று விட்டார்கள். மாநிலம் மாநிலமாக வாங்கி மாட்டினார்கள். நாற்பது வருடப் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள்.

ஜோஷுவா ஹார்மன் விடவில்லை.

வர்ஜீனியாக்காரர். தகரம் மாட்டும் தொழில். யோக்கியர் என்று மாலை போட வராதீர்கள், டிரினிட்டியின் நுனியைக் காப்பியடித்து விற்றதாக அவர்மீது டிரினிட்டியே வழக்குப் போட்டிருந்தது. அந்த வழக்குக்காகத்தான் அவர் தலைகளைத் தேடிப் போனார். விபத்து நடந்த இடங்களில் நாடாவாகச் சுருளாமல், முழங்கையைப்போல மடிந்து காருக்குள் புகுந்த தகரங்களைப் பார்த்தார். டேப்பை எடுத்துத் தொண்டையின் வழிகாட்டிப் பட்டையை அளந்தார்.

மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் ஒப்புதல் கொடுத்த தலையில் அது 5 அங்குலம். அவர் டேப்பில் 4.

2005இல் அந்த ஓர் அங்குலம் குறைந்திருந்தது. அரசிடம் அப்போது அதைத் தெரிவிக்கவில்லை. குறைத்ததால் தொண்டை அடைக்கிறது, தலை வழுக்காமல் சிக்குகிறது என்றார் ஹார்மன். அப்படி ஒன்றும் இல்லை, புதிய தலையும் சோதனையில் தேறியதுதான் என்றது கம்பெனி. அரசை ஏமாற்றி விற்ற பொருள் என்று அரசின் சார்பிலேயே ஹார்மன் வழக்குத் தொடுத்தார். டெக்சாஸின் மார்ஷல் என்ற சின்ன ஊரில், 2014 அக்டோபர் 20ஆம் தேதி, ஜூரி வெளியே வந்தது. கம்பெனி ஏமாற்றியிருக்கிறது. 17.5 கோடி டாலர். சட்டப்படி அது மும்மடங்கானது, அபராதமும் சேர்ந்து 2015இல் 66.3 கோடி டாலரைத் தொட்டது.

அதில் ஒரு டாலர்கூடக் கைமாறவில்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 செப்டம்பரில் மொத்தத் தீர்ப்பையும் தூக்கி ஓரத்தில் வைத்தது. காரணம் கேட்டால் தலை சுற்றும். ஏமாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட அரசே, ‘எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை’ என்று ஒரு கடிதம் எழுதிவிட்டு, அந்த நுனிகளுக்குத் தொடர்ந்து காசு கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு கடிதம் எப்படிப் பிறந்தது என்பது தனிக்கதை.

இந்த வழக்கு மேல்கோர்ட்டில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, 2016 நவம்பர் முதல் தேதி, டென்னசி மாநிலத்தில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் கார் தடம் விலகி ஒரு தகர நுனியில் மோதியது. இது வேறொரு கம்பெனியின் நுனி. தகரம் காருக்குள் புகுந்தது. அவள் பிழைக்கவில்லை. அதே மாதிரி நுனியை இனி வாங்குவதில்லை என்று மாநில நெடுஞ்சாலைத் துறை தன் பட்டியலிலிருந்து நீக்கி அப்போது ஒரே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

சில மாதம் கழித்து அந்த வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. அனுப்பியவர்கள் அதே துறை. தந்தை உறையைப் பிரித்தார். இரங்கல் கடிதம் அல்ல, பில். இறந்த மகளின் பெயருக்கு. மோதிச் சேதப்படுத்திய தகரத்தை மாற்றிய வகையில் 2,970 டாலர்.

அவர் பணம் கட்டவில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்தார்?

(தொடரும்)